14 விநாடியும் ஒரு பூட்ஸ் முடிச்சும்

பதினேழு வருஷங்களாக நான் கூசாமல் சொல்லி வந்த ஒரு பொய்யை இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்வதாக உத்தேசம்.

பெரிய பொய் என்று பயந்துவிடாதீர்கள். அதனால் எவருடைய சொத்தும் பறிபோகவில்லை. எந்தக் குடும்பமும் பிரியவில்லை. 2007-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மயாமி நகரத்தில், விடாத மழையில் நடைபெற்ற, அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் பந்தயத்தின் முதல் உதையை சிகாகோ பேர்ஸ் அணியின் 23-ஆம் நம்பர்க்காரரான டெவின் ஹெஸ்டர் கையில் வாங்கி, எதிரே திரண்டு வந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியினர் பதினோரு பேரையும் தாண்டி 92 கெஜம் ஓடி, ஆட்டக் கடிகாரத்தில் 14 விநாடி கரைவதற்குள் டச் டவுன் போட்ட அற்புதத்தை, அது நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே டெலிவிஷனில் பார்த்த பாக்கியசாலிகளில் நானும் ஒருவன் என்று ஆபீசிலும், கல்யாண வீடுகளிலும், ஒரு தடவை பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் பார்க்கவில்லை.

பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் குடியிருந்தேன். மூக்கின் நுனி நம்முடையதுதானா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர் அன்று. இருபத்தோரு வருஷங்களுக்குப் பிறகு ஊரின் அணி சூப்பர் பௌலுக்குப் போயிருக்கிறது என்று வீதி முழுவதும் உற்சவம் போல இருக்க, நண்பர் ஒருவர் வீட்டில் எனக்கு விருந்து. முதல் பத்து நிமிஷம் இரு தரப்பும் ஒன்றையொன்று ஆழம் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர விசேஷமாக ஒன்றும் நடக்காது என்ற என்னுடைய அபாரமான விளையாட்டு ஞானத்தை நம்பிக் கொஞ்சம் தாமதமாகவே கிளம்பினேன். வாசலில் நண்பர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வாய்யா, வீடு பூரா குளிர் ஏறுது" என்று அதட்ட, நான் குனிந்து, ஐஸ் ஏறி இறுகிப்போயிருந்த வலது கால் பூட்ஸின் முடிச்சோடு மல்லுக்கு நின்ற அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு கூக்குரல் எழுந்தது. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்ட சப்தமும் கேட்டது. இடது கால் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு ஹாலுக்குள் போய்ப் பார்த்தபோது, கோட்டுக்கு அப்பால் ஹெஸ்டரைச் சுற்றிச் சகாக்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மறு ஒளிபரப்பில் பார்த்தேன். அன்று ராத்திரியே நாற்பது தடவை பார்த்திருப்பேன். நாற்பது தடவை பார்த்தவனுக்கு முதல் தடவையும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள உரிமை இல்லையா என்று மனச்சாட்சியைக் கேட்டேன். அதுவும் அப்போது கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருந்தது.

இந்த விருத்தாந்தத்தை இப்போது ஏன் எடுத்தேன் என்றால், 2024 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஒஹையோ மாகாணத்துக் கேண்டன் நகரில் இருக்கும் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற கீர்த்தி மண்டபத்தில் ஹெஸ்டருக்குப் பொன்னிறக் கோட்டு போர்த்தி, வெண்கலத்தில் தலை வடித்து வைத்தார்கள். உதைத்த பந்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவதையே பிரதானத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்த மண்டபத்துக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. நான் சந்தோஷமாக நாலு பேருக்குச் செய்தி அனுப்பினேன். நாலாமவரிடமிருந்து (பெயர் வேண்டாம், பந்து) பதில் வந்தது: "ஒரு மேட்ச்ல மொத்தமா ஒரு நிமிஷம்கூட ஓடாத ஆளுக்கு எதுக்குப்பா இவ்ளோ மரியாதை?"

எனக்கு வந்த கோபத்தில் அன்றைய காபி ஆறிப்போயிற்று.

சரி, இந்த ஆட்டத்தோடு பரிச்சயம் இல்லாதவர்களுக்காக இரண்டே வார்த்தை. (தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.) மைதானம் நூறு கெஜ நீளம். பந்தோடு எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். மூன்று முயற்சியும் வீணானால், இருந்த இடத்திலேயே எதிரிக்குப் பந்தை ஒப்படைப்பதைக் காட்டிலும், நான்காவதில் அதைத் தூர உதைத்துத் தொலைப்பது விவேகம் என்று உதைத்துவிடுவார்கள். அது பண்ட். அரை ஆட்டம் தொடங்கும்போதும், ஓர் அணி புள்ளி எடுத்த பிறகும் தரையில் நிறுத்தி உதைப்பது கிக்ஆஃப். இந்த இரண்டையும் மறு கோடியில் தனியாக நின்று பிடித்து, பிடித்த கையோடு திரும்ப ஓடி வருகிறவர்தான் ரிட்டர்னர். ஓட விருப்பமில்லை என்றால் பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிடலாம். ஆட்டினால் எவரும் அவரைத் தொடக்கூடாது. ஆட்டாமல் பிடிக்கப் போய்ப் பண்ட் கை தவறிவிட்டாலோ, அதன்மேல் விழுந்து அபகரித்துக்கொள்ள எதிரிகளுக்குப் பாத்தியதை உண்டு.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2006-ஆம் வருஷ நவம்பரில், நன்றி நாள் காலையில், ஆபீஸ் சகாக்கள் பக்கத்துப் பூங்காவில் ஆடப் போனபோது, இளமையில் சென்னையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் லாங் ஆனில் நின்று எத்தனையோ உயரப் பந்துகளைக் கைப்பற்றிய தைரியத்தில், "நான் பின்னால் நின்று பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். உதைத்தவர் பள்ளிக்கூடத்து அணியில் அதே வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியாது. கிரிக்கெட் பந்து உயரப் போனால் மரியாதையாகப் போன வழியே கீழே வரும். தேங்காய் நெற்றின் இரு முனைகளையும் கூராகச் சீவினாற்போன்ற இந்தப் பந்துக்கோ அப்படிப்பட்ட நன்னடத்தையெல்லாம் கிடையாது. மேலே போகும்போது ஒரு குணம், உச்சியில் ஒரு குணம், இறங்கும்போது காற்றோடு சேர்ந்து மூன்றாவது ஒரு குணம்.

முதல் பந்து எனக்குப் பின்னால் நான்கடி தள்ளி விழுந்தது.

இரண்டாவது தொப்பியை எடுத்துக்கொண்டு போயிற்று.

மூன்றாவது காறை எலும்பில் விழுந்தது. (மழைக்காலத்தில் இன்னும் ஞாபகப்படுத்துகிறது.)

நான்காவதைப் பிடித்துவிட்டேன்! ஆனால் பிடிப்பதற்கு முன்னால், எதிரில் ஓடி வருவதற்கு ஓர் ஆள்கூட இல்லாதபோதே, ஒரு கையைத் தூக்கி அபயம் கேட்டுவிட்டேன். அந்த ஆபீசில் நான் இருந்த வரையில் என்னைக் கண்டால் கையைத் தூக்கி ஆட்டாத ஆளே இல்லை.

அந்த நாலு உதையில் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பந்து ஆகாயத்தில் இருக்கும் நாலரை விநாடியும் கண்ணை அதை விட்டு எடுக்க முடியாது. நிஜ ஆட்டத்தில் அந்த நாலரை விநாடியில் இரண்டு பேர் மைதானத்தின் இரு ஓரங்களிலும் குதிரைப் பாய்ச்சலில் நம்மைக் குறி வைத்து வருகிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது காலடிச் சப்தத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டிய விஷயம். மேலே பார்த்துக்கொண்டே கீழே நடப்பதையெல்லாம் மனத்துக்குள் படம் போட்டு, பந்து கைக்கு வந்த அடுத்த கணம் அந்தப் படத்தில் எந்த இடத்தில் ஓட்டை விழப்போகிறதோ அங்கே பாய வேண்டும். இப்போது இருக்கிற ஓட்டை அல்ல. இனிமேல் விழப்போகிற ஓட்டை. ஹெஸ்டரின் சாமர்த்தியம் இதுதான். வேகமாக ஓடுகிறவர்கள் அவர் ஆடிய தொழில்முறை லீகில் அணிக்குப் பத்துப் பேர் உண்டு.

அவருடைய பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாரிடாவில் ரிவியரா பீச் என்ற ஊரில் 1982-இல் பிறந்தார். மயாமிப் பல்கலைக்கழகத்தில் தாக்குகிற பக்கம், தடுக்கிற பக்கம், உதை ஆட்டம் மூன்றிலும் ஆடினார். மூன்றிலும் ஆடினார் என்பதே அவருக்குத் தோஷமாயிற்று. 2006-இல் பேர்ஸ் அணியினர் 57-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது, நிலையான ஸ்தானம் இல்லாத இந்தப் பையனை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்கள் உண்டு. பின்களத்தில் தடுக்கிறவர் என்று பட்டியலில் பெயரை எழுதினார்கள். முதல் மேட்சிலேயே, பரம வைரிகளான கிரீன் பே பேக்கர்ஸின் சொந்த மைதானத்தில், ஒரு பண்டைப் பிடித்து 84 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். கேள்வி கேட்டவர்கள் வேறு கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்த அக்டோபரில் அரிஸோனா கார்டினல்ஸோடு நடந்த திங்கட்கிழமை ராத்திரி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாதி ஆட்டத்தில் பேர்ஸ் 20-0 என்று பின்தங்கியிருந்தது. பந்தை எறிகிற நம்முடைய குவார்ட்டர்பேக் ரெக்ஸ் கிராஸ்மன் அன்று பந்தை ஆறு முறை எதிரிகளுக்குத் தானம் செய்தார். ('நம்முடைய' என்று எழுதுகிறேன்; அந்த ஊரில் இரண்டு குளிர்காலம் தாங்கினவனுக்கு அந்த உரிமை உண்டு.) தாக்கும் அணி ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை. தடுப்பு அணி எதிரியின் கைப்பிடி நழுவின பந்தை எடுத்துக்கொண்டு ஓடி இரண்டு டச் டவுன் போட்டது. ஆட்டம் முடிய மூன்று நிமிஷம்கூட இல்லாதபோது ஹெஸ்டர் ஒரு பண்டை வாங்கி 83 கெஜம் ஓடி மூன்றாவதைப் போட்டார். 24-23. எதிரணிக் கோச்சு டென்னிஸ் கிரீன் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் மைக்கை அடித்துவிட்டுக் கத்திய கத்தல் இன்றைக்கும் இண்டர்நெட்டில் உலாவுகிறது. பாவம், நல்ல மனிதர்.

நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸோடு நடந்தது இதைவிட வேடிக்கை. அவர்கள் 52 கெஜத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே அடிக்கப் பார்த்த பந்து குறைந்து விழ, கோட்டுக்குப் பின்னால் நின்ற ஹெஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டு, 'ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்' என்கிற பாவனையில் இரண்டு அடி சாவகாசமாக எடுத்து வைத்தார். எதிரிகளும் தேகத்தைத் தளர்த்தினார்கள். அந்தத் தளர்ச்சி கண்ணில் பட்ட கணமே பறந்தார்: 108 கெஜம். பேர்ஸ் அணியையே சேர்ந்த நேதன் வாஷர் அதற்கு முந்தின நவம்பரில் அதே விதமாக ஓடின அதே தூரம். முயல் தூங்கியது போலப் பாசாங்கு செய்து ஆமையை ஏமாற்றினால் எப்படி இருக்கும்? அப்படி.

இப்படி முதல் வருஷம் ஆறு. அடுத்த வருஷம் ஆறு. நடுவில், கணக்கில் சேராமல், நான் பூட்ஸ் கழற்றின அந்த ஒன்று. சூப்பர் பௌலின் ஆரம்ப உதை அப்படியே டச் டவுன் ஆனது சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான். ஆனால் அந்த ராத்திரியில் எனக்கு அதிகமாக மனத்தில் நிற்பது அந்த ஓட்டம் அல்ல. அதற்குப் பிறகு நடந்தது. கோல்ட்ஸ் அணியினர் அவர் பக்கம் உயர உதைப்பதை நிறுத்திவிட்டார்கள். தரையோடு தரையாக, குட்டையாக, வேறு எவர் கைக்காவது போகும்படி உதைத்தார்கள். அப்படி உதைத்தால் எதிரிக்கு இருபது, முப்பது கெஜம் இனாமாகப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஹெஸ்டர் கையில் பந்து சேர்வதைக் காட்டிலும் அந்த நஷ்டம் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். பேர்ஸ் 29-17 என்று தோற்றதால், அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லவும் வழியில்லை.

என் பந்துவுக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் இதுதான். ஒருவர் எத்தனை நிமிஷம் ஓடினார் என்று கேட்கிறீர்களே, அவர் ஓடாதிருப்பதற்காக மற்றவர்கள் கொடுத்த விலையை எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது? ஓரக்கோட்டுக்கு வெளியே வேண்டுமென்றே உதைத்த பந்துகள், பயத்தில் கோணிப்போய் இருபத்தைந்து கெஜத்தில் விழுந்த பந்துகள், அவற்றால் பேர்ஸ் அணிக்கு மைதானத்தின் நடுவே தர்மமாகக் கிடைத்த இடம் ஆகியவற்றுக்கெல்லாம் ஹெஸ்டர் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் போட்டிருப்பார்கள். 2007 நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் அந்த ஜாக்கிரதையைக் கைவிட்டு நேராக அவரிடமே உதைத்தார்கள். ஒரு பண்ட் 75 கெஜம், ஒரு கிக்ஆஃப் 88 கெஜம், இரண்டும் டச் டவுன். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் பேர்ஸ் 37-34 என்று ஜயித்தது. அதற்கப்புறம் மற்றவர்களுக்குத் தைரியம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

இனி நான் சொல்லப்போகிறது கொஞ்சம் வருத்தமான பகுதி.

இத்தனை ஆபத்தான ஆளை ஆட்டத்துக்கு நாலு தடவை மட்டும் பந்து தொட விடுவானேன், ரிசீவராக்கிவிட்டால் பத்துத் தடவை தொடுவாரே என்று அணியின் பெரியவர்களுக்கு யோசனை தோன்றியது. குவார்ட்டர்பேக் எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவரே ரிசீவர். யோசனை மேலுக்கு நியாயமாகத்தான் தெரிந்தது. 2007 அக்டோபரில் மின்னஸோட்டா வைகிங்ஸோடு ஆடிய ஆட்டத்தில் 89 கெஜப் பண்ட் ஓட்டம் ஒன்றும், கடைசி நிமிஷங்களில் 81 கெஜப் பாஸ் ஒன்றுமாக இரண்டு டச் டவுன் போட்டாரே! (அப்படியும் கடைசி விநாடியில் 55 கெஜ உதை ஒன்றால் தோற்றோம். அன்று நான் சாப்பிடவில்லை.) 2008-இல் நாலு வருஷத்துக்குச் சுமார் 4 கோடி டாலர் வரை போகக்கூடிய புது ஒப்பந்தம் கொடுத்து, முழு நேர ரிசீவராக உத்தியோக உயர்வும் கொடுத்தார்கள். அந்த வருஷம் 51 பந்து பிடித்து 665 கெஜம். அடுத்த வருஷம் 57 பந்து, 757 கெஜம். பழுது சொல்ல முடியாத, சுமாரான, சம்பளத்துக்குப் பங்கமில்லாத எண்கள்.

உதை ஓட்டத்தில் அந்த இரண்டு வருஷமும் ஒரு டச் டவுன்கூட இல்லை.

எனக்கு இது எங்கேயோ அனுபவித்தது போலப் பட்டது. நானும் ஒரு காலத்தில் (கம்பெனியின் பெயர் வேண்டாம்) இரவு பன்னிரண்டு மணிக்கு நின்றுபோன புரோகிராமை எழுப்பி ஓட வைப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயருக்கு வெகுமதியாக மேனேஜராக்கினார்கள். அப்புறம் ஒன்றரை வருஷம் மற்றவர்களுடைய லீவு விண்ணப்பங்களில் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மேனேஜர் என்று எவரும் சொல்லவில்லை, மோசமான மேனேஜர் என்றும் சொல்லவில்லை, இரவு பன்னிரண்டு மணிக்கு எவரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒருவனிடம் இருக்கிற அபூர்வமான ஒன்றைக் கண்டு மகிழ்ந்து, அதற்குச் சன்மானமாக அவனைச் சாதாரணமான வேலைக்கு அனுப்பும் இந்த வழக்கத்தை எந்த மகானுபாவர் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. (ஹெஸ்டருக்குக் கிடைத்த தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் நான் இந்தப் பாராவை எழுதியிருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

நல்ல வேளையாக 2010-இல் பழைய ஹெஸ்டர் திரும்பி வந்தார். அந்த டிசம்பரில் வைகிங்ஸுக்கு எதிராக 64 கெஜம் ஓடி, பண்டும் கிக்ஆஃபும் சேர்ந்த பதினான்காவது டச் டவுனைப் போட்டு பிரையன் மிட்செலின் 13 என்ற சாதனையைத் தாண்டினார். 2011 அக்டோபரில் பண்ட் கணக்கில் எரிக் மெட்காஃபின் 10 என்ற சாதனையும் போயிற்று.

ஆனால் அவருடைய ஆட்டங்களில் எனக்கு அதிகமாகப் பிடித்தது எது என்று கேட்டால், அவர் பந்தையே தொடாத ஒன்றைச் சொல்வேன்.

2011 செப்டம்பர். சோல்ஜர் ஃபீல்டில் பேக்கர்ஸோடு ஆட்டம். முடிகிற தறுவாயில் பேர்ஸ் பத்துப் புள்ளி பின்னால். பேக்கர்ஸ் பண்ட் உதைத்தார்கள். ஹெஸ்டர் ஓர் ஓரத்தில் போய் நின்று, அண்ணாந்து, கைகளை ஏந்தி, பந்து இதோ வருகிறது என்கிற பாவனையில் கால் மாற்றிக்கொண்டு நின்றார். பேக்கர்ஸ் அணியினர் அத்தனை பேரும் அவரை நோக்கி ஓடினார்கள். டெலிவிஷன் காமிராவும் ஓடியது. நானும் (இந்தத் தடவை சத்தியமாகப் பார்த்தேன்) அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வந்ததோ மைதானத்தின் மறு ஓரத்துக்கு! அங்கே ஜானி நாக்ஸ் என்ற சகா, சுற்றுமுற்றும் ஒரு ஈ காக்கை இல்லாத வெளியில் அதைப் பிடித்துக்கொண்டு 89 கெஜம் ஓடிப் போய்விட்டார். ஹெஸ்டர் எங்கே அண்ணாந்து பார்க்கிறாரோ அங்கேதான் பந்து இருக்கும் என்று எதிரிகள் ஆகாயத்தையே பார்க்காமல் நம்பினார்கள் பாருங்கள், அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவருக்கு ஐந்து வருஷம் பிடித்தது. பேர்ஸ் ஆள் ஒருவர் எதிரியைப் பிடித்து இழுத்ததாக அம்பயர் மஞ்சள் துணியை வீசி அந்த டச் டவுனை ரத்து செய்துவிட்டார். ஆகையால் எந்தக் கணக்கிலும் அது இல்லை. உதை ஆட்டத்துக் கோச்சு டேவ் டூபுக்கு அந்த ஒரு யுக்திக்காகவே ஒரு சிலை வைக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அதே வருஷம் லீகின் அதிகாரிகளும் ஒரு காரியம் செய்தார்கள். வேகமாக ஓடி வருகிற இரண்டு கூட்டம் மோதிக்கொள்வதால் மூளையில் அடிபடுகிறவர்கள் அதிகமாகிறார்கள் என்று கிக்ஆஃப் உதைக்கிற இடத்தை 30-ஆம் கெஜத்திலிருந்து 35-க்கு நகர்த்தினார்கள். ஐந்தே கெஜம்தான். அந்த ஐந்து கெஜத்தில் ஏறக்குறைய பாதி உதைகள் கோட்டைத் தாண்டிப் பின்னால் போய் விழ, ரிட்டர்னர்கள் அவற்றை வேடிக்கை பார்க்கலாயினர். காரணம் நியாயமானது, மண்டை உடைவதை ரசிக்கிற ஜாதி அல்ல நான். ஆனாலும் ஒரு கலைக்குத் தரை மெல்ல மெல்லச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சங்கடமாகத்தான் இருந்தது.

2013-இல் புதுக் கோச்சு அவரை ரிசீவர் வேலையிலிருந்து விடுவித்து ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் சிகாகோவை விட்டு அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போனார். 2014 செப்டம்பர் 18-ஆம் தேதி, டாம்பா பே அணிக்கு எதிராக 62 கெஜம் ஓடின பண்ட்தான் அவருடைய இருபதாவது திருப்பு டச் டவுன். அதுவரை 19 என்ற எண்ணை வைத்திருந்தவர் டீயான் சாண்டர்ஸ். ஹெஸ்டருக்குக் குரு ஸ்தானத்தில் இருந்தவரும் அவரே. குருவுக்கு 'பிரைம் டைம்' என்று பட்டப் பெயர். சிஷ்யருக்கு 'எனி டைம்'. அன்று சாண்டர்ஸ் டெலிவிஷன் வேலையாக அந்த மைதானத்திலேயே இருந்தார். கோட்டை நெருங்கும்போது ஹெஸ்டர், குருவின் பிரசித்தமான பாணியில், முழங்காலை மார்பு வரை தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். எதிராளியைப் பரிகசித்தார் என்று பதினைந்து கெஜம் அபராதம் விதித்தார்கள். குருவந்தனத்துக்கு அபராதம் விதித்த ஒரே விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும்.

பிற்பாடு பால்ட்டிமோர், அப்புறம் கொஞ்ச நாள் சியாட்டில். 2017 டிசம்பரில் ஓய்வு பெற்றார். ரிசீவராக 255 பந்து, 3,311 கெஜம், 16 டச் டவுன். ரிட்டர்னராகப் பண்டில் 14, கிக்ஆஃபில் 5, குறி தவறிய உதையில் 1. திருப்பி ஓடின மொத்தத் தூரம் 11,000 கெஜத்துக்கு மேல். நம் கணக்கில் பத்து கிலோமீட்டர். கீர்த்தி மண்டபத்துக் கதவை முதல் இரண்டு வருஷம் தட்டியும் திறக்கவில்லை. மூன்றாம் வருஷம் திறந்தது. திறந்த அதே வருஷம், கிக்ஆஃப் அடியோடு செத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்று லீகார் விதியை மாற்றினார்கள். இப்போது பந்து தரையையோ பிடிப்பவரையோ தொடுகிற வரையில் இரு தரப்பாரும் கிட்டக் கிட்ட சிலை மாதிரி நிற்க வேண்டும். அந்தப் புது விதியைப் பரீட்சித்த முதல் ஆட்டம் கேண்டனில், ஹெஸ்டரின் விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. ஆடின இரண்டு அணிகளில் ஒன்று சிகாகோ பேர்ஸ். மழையும் இடியும் வந்து பாதியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊர் ராசி.

விழாவைப் பார்க்க அதே நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இப்போது வேறு மாகாணத்தில் இருக்கிறேன்; இதற்கென்றே போனேன். ஆகஸ்டு மாதமாகையால் செருப்பு. ஒரு விநாடியில் உதறிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஹெஸ்டருடைய பழைய ஓட்டங்களையெல்லாம் கோத்துக் காட்டினார்கள். மயாமி மழையும், கோல்ட்ஸ் உதைகாரர் வினட்டியேரியின் உதையும், அந்த 92 கெஜமும் வந்தன. காலேஜில் படிக்கிற நண்பரின் மகள் (அன்றைக்கு அவளுக்கு மூன்று வயது) நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எப்பப்பா?" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இத்தனை வருஷமாக நான் உலகம் முழுவதற்கும் சொல்லி வந்த பொய்யை மறுக்கக்கூடிய ஒரே சாக்ஷி நண்பர்தான் அல்லவா?

நண்பர் மீசையைத் தடவிக்கொண்டு, "2007-ம்மா. நானும் மாமாவும் இதே ஹால்ல, இதோ இந்த சோபாவுல உக்காந்து லைவா பாத்தோம்" என்றார்.

சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்! நான் அவருக்குப் பயந்துகொண்டிருந்த அதே பதினேழு வருஷமும் அவர் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"ஆமாம்மா" என்றேன். "கண்ணு முன்னாடி நடந்த மாதிரி இருக்கு."

அடுப்பங்கரையிலிருந்து நண்பரின் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வாசல்ல நின்னீங்க. நான் ஒருத்திதான் பாத்தேன். பஜ்ஜித் தட்டைக் கீழ போட்டதும் நான்தான்."